கொளுத்துவதற்கு முன்: தீபாவளிப் பட்டாசும் வீட்டுப் பாதுகாப்பும்

தீபாவளிக்கு மறுநாள் நாளிதழ்களில் இரண்டு செய்திகள் ஆண்டுதோறும் அருகருகே வருகின்றன. சென்னையின் காற்று எந்த அளவுக்குக் கெட்டது என்பது ஒன்று. பட்டாசுக் காயத்தோடு அரசு மருத்துவமனைகளுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது மற்றொன்று. முதல் செய்தியை முன்வைத்து வழக்குகள் நடந்திருக்கின்றன, தீர்ப்புகள் வந்திருக்கின்றன, ஆய்வகங்களில் புதிய கலவைகள் உருவாகியிருக்கின்றன. இரண்டாவது செய்தி இரண்டே நாளில் மறந்துபோகிறது. அடுத்த ஆண்டு எண்ணிக்கை மட்டும் மாறி மறுபடியும் வருகிறது.

இந்தக் கட்டுரை இரண்டாவது செய்தியைப் பற்றியது. தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் தீபாவளியன்று ஒரு கம்பி மத்தாப்பாவது எரியும். அந்த வீட்டில் யாருடைய கையும் வேகாமல், யாருடைய கண்ணும் போகாமல் இருக்க என்ன தெரிந்திருக்க வேண்டும்? சட்டம், வேதியியல், மருத்துவம் ஆகிய மூன்றும் இதற்குச் சொல்லும் விடைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் இடைவெளி தெரிகிறது. நம் விதிகள் காதையும் மூச்சையும் காக்க எழுதப்பட்டவை. கையையும் கண்ணையும் காக்கும் பொறுப்பு முழுக்க வீட்டிடமே விடப்பட்டிருக்கிறது. வீடுகளோ அந்தப் பொறுப்பை “பாத்து வெடிங்கடா” என்ற ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகின்றன.

வீட்டு வாசலுக்கு வந்த வெடி

வாணவேடிக்கை நமக்குப் புதிதல்ல. 1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் கண்ட வாணவேடிக்கையைத் தம் பயணக் குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார். ஆனால் அது அரண்மனையின் காட்சி. தொழில் தெரிந்தவர்கள் கொளுத்தினார்கள், மக்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பத்து வயதுப் பிள்ளை தன் கையால் வெடியைக் கொளுத்துவது இருபதாம் நூற்றாண்டில் வந்த வழக்கம். அதைச் சாத்தியமாக்கிய ஊர் சிவகாசி. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டியிலிருந்து வண்ணத் தீக்குச்சி, அதிலிருந்து மத்தாப்பு, பிறகு வெடி என்று தொழில் வளர்ந்தது. மழை குறைந்த அந்த வறண்ட பூமி அதற்குத் தோதாக அமைந்தது.

விலை குறைந்து வெடி வாசலுக்கு வந்தது. ஆனால் தள்ளி நின்று பார்க்கும் பழக்கம் கூடவே வரவில்லை. அரண்மனைக் காலத்தில் கொளுத்துபவர் வேறு, பார்ப்பவர் வேறு, நடுவே தூரம் இருந்தது. இன்று பதினைந்தடித் தெருவில் எதிரெதிராக நான்கு வீடுகள் ஒரே நேரத்தில் கொளுத்துகின்றன. வீட்டு விபத்துகளில் பெரும்பகுதிக்கு இந்தத் தூரக் குறைவே காரணம் என்பது என் கணிப்பு.

சட்டம் எதைப் பார்த்தது

1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும், அதன்கீழ் வந்த 2008ஆம் ஆண்டு விதிகளும் ஆலையையும் கிடங்கையும் கடையையும் பற்றியவை. நாக்பூரில் தலைமையகம் கொண்ட மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அவற்றைக் கண்காணிக்கிறது. கந்தகத்தோடு குளோரேட்டைக் கலக்கக் கூடாது என்ற 1992ஆம் ஆண்டுத் தடை இந்த வரிசையில் மிக முக்கியமானது. அந்தக் கலவை உராய்வுக்கே வெடித்துவிடும். அனுமதி பெற்ற ஆலைப் பட்டாசுக்கும், முகவரி இல்லாமல் சாக்குப் பையில் வரும் நாட்டு வெடிக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. ஆலைச் சரக்கில் எந்த வேதிப்பொருள் இருக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. நாட்டு வெடியில் என்ன இருக்கிறது என்பது கட்டியவருக்கு மட்டுமே தெரியும்.

அடுத்தது ஒலி. 1999இல் வந்த விதி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளக்கும்போது 125 டெசிபெல்லுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நொடிப்பொழுது உச்ச ஒலியாக அளந்தால் வரம்பு 145 டெசிபெல். இந்த 4 மீட்டர் என்ற சொல் கவனிக்கத்தக்கது. தூரம் பாதியாகக் குறையும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் கூடுகிறது. 4 மீட்டரில் 125 ஆக இருப்பது 1 மீட்டரில் 137 ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் காதருகே உச்ச ஒலி பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைக்கிறது. அதாவது, சட்டம் அனுமதிக்கும் வெடியே பக்கத்தில் நிற்கும் குழந்தையின் காதுக்கு அதிகம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று வேடிக்கை காட்டும் தாத்தா பாட்டிகளிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு ஜன்னல் சாத்திய அறையே ஏற்ற இடம்.

மூன்றாவது புகை. 2015இல் டில்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தந்தையர் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பளித்தது. பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை, இணையவழி விற்பனைக்குத் தடை, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி, நாளுக்கு இரண்டு மணி நேரம் என்பவை அதன் சாரம். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெடிப்பது நம் வழக்கம் என்பதால், தமிழ்நாட்டில் அந்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரிக்கப்பட்டது. பசுமைப் பட்டாசுக்காக நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்ற பெயர்களில் புதிய கலவைகளை உருவாக்கியது. அவற்றில் நுண்துகள் 30 விழுக்காடு அளவுக்குக் குறையும் என்பது கணக்கு. பெட்டியில் பச்சை முத்திரையும் கியூஆர் குறியீடும் இருக்கும்.

இவை தேவையான சீர்திருத்தங்கள்தாம். ஆனால் பசுமை முத்திரை தீக்காயத்துக்கு எதிரான காப்பு அல்ல என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். புகை குறைந்திருக்கிறது, கையைச் சுடும் நெருப்பு அப்படியே இருக்கிறது. நேரக் கட்டுப்பாட்டில் இன்னொரு விளைவும் உண்டு. நாள் முழுதும் பரவியிருந்த வெடிப்பு இரண்டு மணி நேரத்துக்குள் நெருக்கப்பட்டால், இரவு எட்டு மணிக்குள் பெட்டியைக் காலி செய்ய வேண்டும் என்ற அவசரம் வருகிறது. அவசரத்தில் ஒருவர் கொளுத்தி முடிக்குமுன் அடுத்தவர் குனிகிறார். நேரச் சுருக்கத்தை அறிவித்த அரசு, வாங்கும் அளவையும் சுருக்குங்கள் என்று அதே குரலில் சொல்லியிருக்க வேண்டும்.

சிறியது என்று நினைப்பவை

ஆட்டம்பாம் கொளுத்தும்போது எல்லோரும் ஓடுகிறோம். கம்பி மத்தாப்பை மூன்று வயதுக் குழந்தையின் கையில் கொடுக்கிறோம். பயம் இருக்கும் இடத்தில் எச்சரிக்கையும் இருக்கிறது. பயமில்லாத இடத்தில்தான் கை வேகிறது.

கம்பி மத்தாப்பு 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் எரிகிறது. அலுமினியப் பாத்திரம் உருக 660 டிகிரி போதும். கம்பியில் பூசியிருக்கும் மருந்தில் அலுமினியப் பொடியும் இரும்புத் தூளும் இருக்கின்றன. நாம் பூவாகப் பார்க்கும் ஒவ்வொரு பொறியும் எரியும் உலோகத் துணுக்கு. ஒற்றைப் பொறி தோலில் பட்டால் நொடியில் அணைந்துவிடும், காயம் சிறியது. பாவாடை மடிப்பில் சிக்கினால் கதை வேறு. அதைவிட முக்கியம், மத்தாப்பு அணைந்த பிறகு என்ன ஆகிறது என்பது. ஒளி நின்றாலும் கம்பி சில நிமிடங்களுக்குச் சூடாகவே இருக்கிறது. இருட்டில் தரையில் போட்ட கம்பியை அடுத்து வரும் குழந்தை வெறுங்காலால் மிதிக்கிறது. தீபாவளி இரவில் உள்ளங்கால் புண்ணுக்கு இதுவே வழக்கமான காரணம். மருந்தும் எளியது: அரை வாளித் தண்ணீர். எரிந்த கம்பி ஒவ்வொன்றும் ‘சொய்ங்’ என்று அதற்குள் போக வேண்டும். குழந்தைகளுக்கு அந்த ஓசை பிடிக்கும், சொல்லிக் கொடுத்தால் தாமே ஓடிவந்து போடுவார்கள்.

ஒரு மத்தாப்பிலிருந்து இன்னொன்றைப் பற்றவைப்பதும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மத்தாப்புச் சுற்றுவதும் வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மத்தாப்பே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கையை நீட்டிப் பிடி என்றால் அந்த வயதில் பத்து நொடிதான் பிடிக்கும். பிறகு முழங்கை மடங்கிவிடும், பொறி முகத்துக்கு வந்துவிடும்.

புஸ்வாணம் இன்னும் ஏமாற்றும். மண்கூட்டிலோ அட்டைக் கூம்பிலோ மருந்தைத் திணித்துச் செய்யப்படுவது அது. மருந்து இறுகியிருந்தாலும், கூட்டில் விரிசல் இருந்தாலும், ஈரத்தில் வாய் அடைபட்டிருந்தாலும் உள்ளே அழுத்தம் கூடிக் கூடே வெடித்துவிடும். அதைக் கொளுத்துபவர் நேர் மேலே முகத்தை வைத்துக் குனிந்திருப்பார், ஏனென்றால் அதன் வாய் மேலே இருக்கிறது. முகமும் கொளுத்தும் கையும் ஒருசேரக் கருகும் காயம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. நீண்ட ஊதுபத்தியால், பக்கவாட்டில் உட்கார்ந்து, கையை நீட்டிப் பற்றவைத்தால் முகம் தப்பும். தீக்குச்சியாலும் சிகரெட் லைட்டராலும் ஒருபோதும் கூடாது. அவை கையை வெடிக்கு ஒரு விரல் தூரத்துக்குக் கொண்டுபோய்விடுகின்றன.

பாம்பு மாத்திரையையும் இங்கே சொல்ல வேண்டும். ஓசையில்லை, பொறியில்லை என்று அதைச் சின்னஞ்சிறுவர்களிடம் விட்டுவிடுகிறோம். புனேயில் நெஞ்சக ஆய்வு அறக்கட்டளை 2016இல் ஆறு வகைப் பட்டாசுகளின் புகையை அளந்தபோது, நுண்துகளை மிக அதிகமாகக் கக்கியது பாம்பு மாத்திரையே. சரவெடிகூட அதற்கு அடுத்த இடத்தில்தான் வந்தது. குழந்தை அதன் அருகே குத்தவைத்து உட்கார்ந்து, பாம்பு வளர்வதைப் பார்த்துக்கொண்டே அந்தப் புகையை இழுக்கிறது. வீசிங் தொல்லை உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அதை வாங்கவே வேண்டாம்.

வெடிக்காத வெடி

திரி எரிந்தது, ஓசை வரவில்லை. இந்த ஒரு கணத்தில் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி வைக்காத வீட்டில் யாராவது ஒருவர் போய்க் குனிந்து பார்ப்பார். காலால் தட்டிப் பார்ப்பார், கையில் எடுத்து ஊதிப் பார்ப்பார். சணல் சுற்றிய வெடிக்குள் திரியின் நுனி வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருக்கலாம். அது மருந்தை எப்போது தொடும் என்று யாராலும் சொல்ல முடியாது. விரல்கள் சிதைவதும் கண் போவதும் பெரும்பாலும் இந்தக் குனிதலில் நிகழ்கின்றன.

ஆகவே விதி ஒன்றே ஒன்று: வெடிக்காத வெடியிடம் திரும்பிப் போகக் கூடாது. கால் மணி நேரமாவது அதைத் தனியே விட்டு, பிறகு தள்ளி நின்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, முழுக்க ஊறவிட்டுக் குப்பையில் சேர்க்க வேண்டும். அரைகுறையாக நனைத்து மூலையில் குவித்து வைப்பதும் தவறு. அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் கொஞ்சம் ஈரம் பட்டால் தானாகச் சூடேறக்கூடும். பட்டாசு ஆலைகளில் இதைத் தடுக்கவே போரிக் அமிலம் சேர்க்கிறார்கள்.

மறுநாள் காலை இன்னொரு ஆபத்து தொடங்குகிறது. தெருவெங்கும் சிதறிக் கிடக்கும் காகிதக் குப்பையில் பிள்ளைகள் வெடிக்காதவற்றைப் பொறுக்குவார்கள். இரண்டாக ஒடித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டி, குவித்துக் கொளுத்துவார்கள். நம்மில் பலர் சிறுவயதில் பார்த்த விளையாட்டு இது. திறந்த காகிதத்தில் கொட்டிய மருந்து பெரும்பாலும் வெடிக்காது, ஆனால் ஒரே வீச்சில் பந்தாக எரிந்து எழும். சூழ்ந்து குனிந்திருக்கும் நான்கு முகங்களின் புருவமும் இமையும் அதில் போகும். தீபாவளி இரவோடு கண்காணிப்பு முடிந்துவிடவில்லை. மறுநாள் காலை பிள்ளைகள் எழுமுன் வாசலையும் தெருவையும் கூட்டித் தண்ணீர் தெளிப்பது வீட்டுப் பெரியவர்களின் வேலை.

வெடியின் மேல் எதையாவது கவிழ்ப்பதும் இதே வகை. கொட்டாங்குச்சி, தகர டின், பாட்டில் என்று எதைக் கவிழ்த்தாலும் அது சிதறும் துண்டாகிறது. காகிதச் சுருள் பட்டால் தோல் சிவக்கும், தகரத் துண்டு பட்டால் கழுத்து நரம்பு அறும். 2024 தீபாவளி இரவில் பெங்களூரில், கொளுத்திய வெடியை மூடிய பெட்டியின் மேல் பந்தயத்துக்காக உட்கார்ந்த இளைஞர் உயிரிழந்தார். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் பிளாஸ்டிக் குழாயில் கார்பைடு கல்லும் தண்ணீரும் போட்டு வெடிக்கும் துப்பாக்கிகள் பரவின. வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்த பிள்ளைகளின் கண்கள் வெந்துபோயின. கைபேசியில் காணொளி பார்த்துச் செய்யும் இந்தக் குழாய் எந்த ஊருக்கும் வந்துவிடக்கூடியது. பெற்றோர் ‘கார்பைடு துப்பாக்கி’ என்ற இதன் பெயரையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இடம், ஆடை, ஆள்

ராக்கெட்டும் பல ஷாட் பெட்டிகளும் வீட்டு வாசலுக்கு உரியவை அல்ல. தமிழ்நாட்டுத் தீபாவளி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. காலி பாட்டிலில் வைத்த ராக்கெட் கிளம்பும் வேகத்தில் பாட்டிலையே சாய்த்துவிட்டுப் படுக்கையாகப் பாயும். ஓலைக் குடிசை, வைக்கோல் போர், திறந்த ஜன்னல், மாடியில் காயும் துணி என்று அது எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. தீயணைப்புத் துறை ஆண்டுதோறும் குடிசைப் பகுதியில் ராக்கெட் விடாதீர்கள் என்று கெஞ்சுவது இதனால்தான். தெருவில் ஒரு கூரை வீடு இருந்தாலும் அந்தத் தெருவில் ராக்கெட் வேண்டாம். அந்த வீட்டுக்காரர் தன் கூரையைக் காக்க இரவெல்லாம் கண்விழித்திருக்க, நாம் வானத்தைப் பார்த்துக் கைதட்டுவது பண்டிகை ஆகாது.

பல ஷாட் பெட்டி முதல் சில குண்டுகளின் உதைப்பில் சாய்ந்துவிட்டால், மீதிக் குண்டுகள் பார்வையாளர்களை நோக்கி வரும். சமதரையில் வைத்து நாற்புறமும் செங்கல் அணைகொடுத்தால் சாயாது. மைதானத்தில் மட்டும், ஆட்களைத் தூரத்தில் நிறுத்தி வைத்துவிட்டுக் கொளுத்த வேண்டும். அடுக்ககங்களில் பால்கனியும் மாடிப்படியும் வண்டி நிறுத்துமிடமும் எதற்கும் ஏற்றவை அல்ல. மொட்டை மாடியில் தரைச்சக்கரம்கூட, கைப்பிடிச் சுவர் அருகே துணியும் தண்ணீர்த் தொட்டிக் குழாயும் இல்லாதபோது மட்டும். சங்கம் ஒரே ஒரு திறந்த இடத்தைக் குறித்துக்கொடுத்து, மற்ற இடங்களில் கூடாது என்று அறிவிப்பது நல்லது.

ஆடையைப் பற்றி வீட்டில் சண்டையே வரும். புத்தாடை அணிந்து வெடிப்பதுதான் மகிழ்ச்சி என்பது உண்மை. ஆனால் இன்றைய புத்தாடைகளில் பாதி பாலியெஸ்டர். அது எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்கிறது. பருத்தியும் எரியும், ஆனால் உருகாது. குளித்து, புத்தாடை உடுத்தி, சாமி கும்பிட்டு, படம் எடுத்துக்கொண்ட பிறகு, உடம்போடு ஒட்டிய பருத்தி உடைக்கு மாறி வாசலுக்கு வரலாம். துப்பட்டாவையும் தாவணி முந்தானையையும் இழுத்துச் செருகி, தலைமுடியை முடிந்து, காலில் செருப்பு போட்டுக்கொள்ள வேண்டும். கையில் சானிடைசர் பூசியிருந்தால் சோப்பு போட்டுக் கழுவி உலர்த்தாமல் நெருப்பைத் தொடக் கூடாது. சாராயச் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. வெடித்து முடித்தபின் கை கழுவாமல் பட்சணத் தட்டில் கைவைப்பதும் ஆபத்து. பட்டாசு மருந்து வயிற்றுக்குள் போகத்தக்கது அல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஆள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் கொளுத்துவது, அவர் பெரியவராக இருப்பது, குடித்திருக்காமல் இருப்பது, மற்றொருவர் வாளியோடு நின்று குழந்தைகளை மட்டும் கவனிப்பது என்று இரண்டு பேருக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் பாதி விபத்து நின்றுவிடும். பட்டாசால் கண்ணில் அடிபட்டு வருவோரில் கணிசமானவர்கள் கொளுத்தியவர்கள் அல்லர், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். கொளுத்தியவருக்கு எப்போது வெடிக்கும் என்று தெரியும், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அக்கா வெடிப்பதை ஆசையோடு பார்க்கும் தம்பிக்குத் தெரியாது. இருவருக்குமே சாதாரண பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுவிடலாம். ஒரு பெட்டி வெடியின் விலைகூட இராது.

கொண்டுவருவதும் வைப்பதும்

2021 தீபாவளியன்று புதுச்சேரி எல்லையில், நாட்டு வெடிப் பைகளைத் தன் ஸ்கூட்டரில் வைத்து எடுத்துவந்த ஒருவரும் அவருடைய ஏழு வயது மகனும் நடுச்சாலையில் வெடித்துச் சிதறி இறந்தார்கள். 2024இல் ஆந்திரத்தின் ஏலூரில் வெங்காய வெடி மூட்டையோடு போன ஸ்கூட்டர் பள்ளத்தில் இறங்கியது, அந்த அதிர்விலேயே மூட்டை வெடித்தது. இருசக்கர வண்டியில் இவற்றை ஏற்றுவது குறித்து இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ரயிலில் கொண்டுபோவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். சிவகாசியில் மலிவாகக் கிடைக்கிறது என்று பெட்டிக்குள் துணியோடு சுற்றி எடுத்துவருபவர்கள், அந்த ரயில் பெட்டியில் பயணம் செய்யும் எல்லோரையும் பணயம் வைக்கிறார்கள்.

வீட்டில் மழைக்காலத்து ஈரம் நமக்குப் பெரிய தொல்லை. நமத்துப் போகக் கூடாது என்று அடுப்பு மேடைப் பக்கத்திலோ பிரிட்ஜ் மேலேயோ வைப்பவர்கள் உண்டு. சிலிண்டர், அடுப்பு, பூஜை விளக்கு, இன்வெர்ட்டர் இருக்கும் அறை எதுவும் கூடாது. 2021இல் சங்கராபுரம் பட்டாசுக் கடைத் தீ பக்கத்துக் கடைச் சிலிண்டர்களுக்குப் பரவித்தான் பெருவிபத்தானது. காற்றோட்டமான அறையில், அட்டைப் பெட்டியிலேயே, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் போதும். வெடிக்கும்போது முழுப் பெட்டியையும் வாசலுக்குக் கொண்டுவராமல், கையளவு எடுத்துவந்து அது தீர்ந்ததும் மறுபடி உள்ளே போய் எடுப்பது சிறந்த பழக்கம். திறந்த பெட்டியில் ஒரு பொறி விழுந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும்.

தீபாவளிச் சீட்டு கட்டி வாங்கும் கிஃப்ட் பாக்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்தாப்பிலிருந்து ஆட்டம்பாம் வரை எல்லாம் கலந்து வருகிறது. வீட்டில் யார் இருக்கிறார்கள், வாசல் எவ்வளவு பெரியது என்பதை வைத்து நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதைப் பெட்டி தேர்ந்தெடுத்துவிடுகிறது. வாங்கிய அன்றே பிரித்து, வாசலுக்கு ஆகாதவற்றைத் தனியே எடுத்துவைப்பது அவசியம்.

காயம் பட்டபின்

தோலில் தீப்பட்டால் உடனே குழாய்த் தண்ணீரைத் திறந்து 20 நிமிடம் அதில் காட்ட வேண்டும். கடிகாரம் பார்த்து 20 நிமிடம். வலி குறைந்தது என்று இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவதே எல்லோரும் செய்யும் பிழை. தோலின் அடியடுக்கில் தேங்கிய வெப்பம் அதன் பிறகும் திசுவை வேகவைத்துக்கொண்டிருக்கும். உடனே முடியாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு. மோதிரம், வளையல், அரைஞாண் ஆகியவற்றை வீங்குமுன் கழற்ற வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. பேனா மை, பற்பசை, கோதுமை மாவு, மஞ்சள், தேங்காய் எண்ணெய், ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். இவை வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும், அல்லது தோலை மேலும் கெடுக்கும். மருத்துவர் முதலில் அவற்றைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், அந்த வலியும் குழந்தைக்குத்தான். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடிக் கொண்டுபோகலாம். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டால் சிறியதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்கே போக வேண்டும். உடையில் தீப்பிடித்தால் ஓடவிடாமல் தரையில் படுக்கவைத்து உருட்ட வேண்டும், கனத்த போர்வையால் அமுக்க வேண்டும்.

கண்ணுக்கு விதி வேறு. இதை எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். வெடித்துச் சிதறிய ஏதோ ஒன்று கண்ணில் அடித்திருந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, கசக்கக் கூடாது, அழுத்திக் கட்டக் கூடாது, சொட்டு மருந்தோ தாய்ப்பாலோ விடக் கூடாது. விழிக்கோளம் கிழிந்திருந்தால் சிறிய அழுத்தமும் உள்ளிருப்பதை வெளியே தள்ளிவிடும். காகிதக் கோப்பை ஒன்றின் அடிப்பகுதியை வெட்டிக் கண்ணைத் தொடாமல் எலும்பின் மேல் பதியும்படி வைத்து ஒட்டி, உடனே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடி எதுவும் இல்லாமல் வெறும் புகையோ பொடியோ விழுந்து எரிந்தால் மட்டும் சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவலாம். வெளியூரில் கொண்டாடுபவர்கள் பண்டிகை நாளில் திறந்திருக்கும் பக்கத்துக் கண் மருத்துவமனை எது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தடையா, ஒழுங்கா

முழுத் தடையே தீர்வு என்பவர்கள் சிங்கப்பூரைக் காட்டுவார்கள். 1970 சீனப் புத்தாண்டில் அங்கே பட்டாசால் உயிர்கள் போயின. 1972இல் முழுத் தடை வந்தது. இன்று அங்குள்ள தமிழர்கள் தீபாவளிக்கு மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள், பண்டிகை குறைந்ததாக யாரும் சொல்வதில்லை. ஆனால் அது காவல் நெருக்கமான சிறு தீவு. விருதுநகர் மாவட்டத்தில் லட்சக்கணக்கானோர் பிழைக்கும் தொழிலை ஒரே உத்தரவில் நிறுத்தினால், முத்திரை பெற்ற சரக்கு போய் நாட்டு வெடி வரும் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. ஏற்கெனவே தடை செய்யப்பட்ட சரவெடி ஒவ்வொரு தீபாவளிக்கும் தெருவில் கேட்பதே அதற்குச் சான்று.

மக்கள் தாமே முடிவெடுத்தால் எதுவும் சாத்தியம் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடு கட்டவரும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எந்த நீதிமன்றமும் அவர்களுக்கு உத்தரவிடவில்லை. பறவைக் குஞ்சுக்காக ஓர் ஊர் வெடியையே விட்டுவிட முடியுமென்றால், தன் பிள்ளையின் கண்ணுக்காக ஒரு தெரு ராக்கெட்டை விட்டுவிடலாம்.

நெதர்லாந்தில் புத்தாண்டு வாணவேடிக்கை விற்கும் கடைகள், வாங்குவோருக்குப் பாதுகாப்புக் கண்ணாடியையும் கொளுத்தும் குச்சியையும் சேர்த்தே கொடுத்து வந்திருக்கின்றன. அந்நாட்டுக் கண் மருத்துவர்கள் ஒவ்வொரு புத்தாண்டுக்குப் பிறகும் எத்தனை கண்கள் காயமடைந்தன, எந்த வகை வெடியால், கொளுத்தியவரா பார்த்தவரா என்று கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள். தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகளும் கண் மருத்துவமனைகளும் சேர்ந்து தீபாவளி வாரத்துக்கு அப்படி ஒரு பதிவேட்டைத் தொடங்க வேண்டும். சிவகாசி உற்பத்தியாளர்கள் ஒவ்வொரு கிஃப்ட் பாக்ஸிலும் இரண்டு பிளாஸ்டிக் கண்ணாடிகளையும் ஒரு நீள ஊதுபத்திக் கட்டையும் வைக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் மேலும் எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், எந்த வயதுக்கு மேல், வெடிக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கண்ணுக்குத் தெரியும் அளவில் தமிழில் அச்சிட வேண்டும். அது வரும்வரை, இந்தத் தீபாவளிக்குப் பட்டாசு வாங்கும் அன்றே இரண்டு வாளிகளையும் ஒரு மூட்டை மணலையும் வாசலில் கொண்டுவந்து வையுங்கள். 108 என்ற எண்ணையும், தீயணைப்புக்கான 101 என்ற எண்ணையும் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள்.